ஒன்பதாவது பூச்சு

என் நாத்தனாருக்கு நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம் நடந்ததற்குக் காரணம் நான்தான். கல்யாணம் முடிந்த பிறகும் அவள் புருஷன் வீட்டுக்குப் போகாமல் இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்ததற்குக் காரணமும் நான்தான். முதல் காரியத்துக்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இரண்டாவதைக் கொஞ்ச நாள் வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்குட்டி என்பதால் அவளுடைய அண்ணன் வைத்த பெயர். அந்த அண்ணன்தான் என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பாப்பாவுக்கு இருபத்தைந்து வயது. கையில் உளி, தலைமுடி முழுக்க மரச்சீவல். இதுவா பாப்பா என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிரிக்கிறதுன்னா பொத்தாம சிரிங்க அண்ணி. சீவல் வாய்க்குள்ள போனா நானே எடுத்து விடுறேன்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த வாய்ச்சண்டை பத்தொன்பது வருஷம் ஓய்வில்லாமல் ஓடியது.

பின்னறைதான் எங்கள் பட்டறை. இரண்டு ஜன்னல். ஒன்றின் கீழே அவளுடைய பலகை, மற்றொன்றின் கீழே என் மேஜை. அவள் செய்வதெல்லாம் சமையலறைச் சாமான்: அகப்பை, கரண்டி, கிண்ணம், வெட்டுப்பலகை. செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து என் மேஜைக்கு அனுப்பிவிட்டால் அவள் வேலை முடிந்தது. அதற்கப்புறம் என் ராஜ்ஜியம். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மரத்துக்கு ஊட்ட வேண்டும். இருபது நிமிஷம் குடிக்க விட்டு, குடிக்காமல் மேலே நிற்பதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். பூசுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். இந்தத் துடைப்பதில்தான் தொழிலே இருக்கிறது. துடைக்காமல் விட்ட எண்ணெய் மேலேயே நின்று பசையாகிவிடும். துடைத்ததை ஒரு நாள் தொங்கவிட்டு, மறுநாள் அடுத்த பூச்சு. இப்படி நாலு பூச்சு. அதன் பிறகு மூன்று வாரம் காற்றாடக் காய வேண்டும். வீட்டில் இருக்கிற சமையல் எண்ணெயைப் பூசினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பூசலாம். அது எந்தக் காலத்திலும் காயாது, இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். என் வீட்டுக்காரர் ஒருமுறை இந்தக் கேள்வியைக் கேட்டு, அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பாப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. என் மேஜைக்கு வந்த சாமானை அவள் தொடக்கூடாது. அவள் செதுக்குவதைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. முதல் வருஷமே போட்டது. காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று அவள் ஒரு கிண்ணத்தில் கட்டைவிரலை அழுத்தி, ரேகையோடு அதை விற்க வேண்டியதாயிற்று. அதே வாரம் நான் அவளுடைய அகப்பை ஒன்றைப் பார்த்து, பட்டினி கிடந்த வாத்து மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசி முடித்தார். அன்று முதல் அவள் என் மேஜைப் பக்கம் கையை நீட்டியதில்லை. இந்த ஒப்பந்தத்தை நான் பின்னால் எதற்குப் பயன்படுத்திக்கொள்வேன் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

போன வருஷம் அவளுடைய கரண்டிக் காம்புகள் கோணலாக வர ஆரம்பித்தன. நான் வாய் திறக்கக்கூடாதே. அதனால் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "பாப்பா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று மட்டும் சொல்லி, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு ஐம்பத்தொரு வயது. மனைவியை இழந்து எட்டு வருஷம் ஆகிறது. பேசினால் எதிரே இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அவர் போட்டுக்கொடுத்த கண்ணாடி மூக்கிலிருந்து நழுவுகிறது என்று பாப்பா திரும்பப் போனாள். காதை அழுத்துகிறது என்று மறுபடி போனாள். தூசி படிகிறது என்று மூன்றாவது தடவை போனாள். மரப்பட்டறையில் தூசி படியாமல் பூவா படியும்? நாலாவது தடவை காரணமே சொல்லவில்லை.

பதிலுக்கு அவர் எங்களிடம் ஒரு கரண்டி வாங்கினார். பிறகு வாராவாரம் அதை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி எண்ணெய் போட வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கரண்டி ஒரு நாள்கூட அடுப்பைப் பார்த்ததில்லை என்று எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. ஐந்தாவது வாரம் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, கரண்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. பாப்பா உள்ளதான் இருக்கா. போய் அவகிட்டயே சொல்லுங்க."

உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். சட்டை முழுக்கச் சீவல். ஒரு புதன்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே மச்சான் என்றார். எனக்கு முறையாக ஓர் அண்ணன் கிடைத்தார். எல்லாம் நான் நடத்திவைத்தது என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அவர் ஏற்கெனவே வேறோர் ஊரில் பெரிய கடைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ரயிலில் ஆறு மணி நேரம், கடற்கரை ஊர். பாப்பா ஒருமுறை போய் அங்கே வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு அண்ணி. சமையலறையைப் பார்த்தாத்தான் பகீர்னுது. ஒரே ஒரு சட்டி, ஒரே ஒரு எவர்சில்வர் கரண்டி. அது சட்டியில கீறுற சத்தத்தைக் கேட்டா பல்லு கூசுது. அந்தச் சத்தத்தோட என்னால குடும்பம் நடத்த முடியாது. என் சாமானை நானே செதுக்கி எடுத்துட்டுப் போறேன். அது காய்ஞ்ச அன்னைக்குக் கிளம்புறேன்."

கண்ணாடிக்காரர் சரி என்றார். கடையைத் திறக்க அவர் முன்னால் போனார். பாப்பா பன்னிரண்டு நாள் ராப்பகலாக உட்கார்ந்து பதினோரு சாமான் செதுக்கினாள். எல்லாம் ஒரே பலாக்கட்டையிலிருந்து. நீளக் காம்பு அகப்பை இரண்டு, தட்டைக் கரண்டி மூன்று, துளைக் கரண்டி ஒன்று, கிண்ணங்கள், ஒரு வெட்டுப்பலகை, கடைசியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் உப்புக் கரண்டி. என் மேஜை மேல் வரிசையாக அடுக்கிவிட்டு, "இனி உங்க பாடு" என்று கையைத் தட்டிக்கொண்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை. ஒப்பந்தம் இருந்ததால் சொல்லாமல் விட்டேன்.

முதல் மூன்று பூச்சும் ஒழுங்காகத்தான் போட்டேன். மஞ்சள் நிறப் பலா எண்ணெய் பட்டதும் தேன் நிறத்துக்கு வந்தது. நாலாவது பூச்சைத் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மூன்று வாரம் என்றால் ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் இந்த அறையில் யார் இருப்பார்கள் என்று யோசித்தேன். நான் இருப்பேன். எண்ணெய் இருக்கும். எதிர் ஜன்னலுக்குக் கீழே ஆள் இருக்காது. பாப்பா அங்கேயே செதுக்கிப் பார்சலில் அனுப்புவதாகவும், நான் எண்ணெய் போட்டு விற்பதாகவும் ஏற்பாடு. தொழிலுக்குக் குறைவில்லை. ஆனால் பார்சலோடு யார் சண்டை போடுவது?

நேராக, பாப்பா போகாதே, எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? பத்தொன்பது வருஷமாக, "இந்த மரப்பாச்சி எப்போ கிளம்பும், எனக்கு எப்போ வீடு காலியாகும்" என்று நாளுக்கு நாலு தடவை கேட்ட வாய் இது. கல்யாணத்துக்கு ஒற்றைக் காலில் நின்றவளும் நான். கிண்டல் பண்ணியே பழகிய வாய்க்கு மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது.

மறுவாரம் பாப்பா தன் இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, காய ஆரம்பிச்சுடுச்சா?" என்றாள்.

"எங்க காய்றது? இன்னும் ஒரு கோட்டிங் போடணும்" என்றேன். எனக்கே குரல் புதிதாக இருந்தது.

"நாலு போட்டாச்சே?"

"நாலு போட்டா? இது பலா. குடிச்சுக்கிட்டே இருக்கு. போதாததுக்குக் காத்துல ஈரம் வேற. உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

மரத்தை அறுத்து, இழைத்து, அதிலேயே உழல்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி! வேறு யாராவது கேட்டிருந்தால் உளியை எடுத்திருப்பாள். என்னிடம், "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். எண்ணெய் விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை. அதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. குத்தினாலும் ஐந்தாவது பூச்சைப் போட்டேன். அடுத்த வாரம் ஆறாவது. அதற்கடுத்த வாரம் ஏழாவது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் போன் செய்வார். பாப்பா பேசிவிட்டு என்னிடம் கொடுப்பாள். "எப்படி இருக்கு தங்கச்சி?" என்பார். நான் காற்றின் ஈரத்தைப் பற்றி விளக்குவேன். "மரத்தோட விஷயம், நான் என்ன சொல்ல முடியும்? நல்லா காயட்டும்" என்பார். இங்கே சாப்பாட்டுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் கிடைக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று அவராகவே சேர்த்துக்கொள்வார். கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் தெம்பாகப் பொய் சொல்லியிருப்பேன். இந்த நல்ல மனுஷரிடம் பொய் சொல்வது பெரிய கஷ்டமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு எண்ணெயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கொடியில் காய்கிற துணியை எண்ணத் தெரியும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு பூச்சுத் துணியையும் விரித்துத்தான் காயவைப்பேன். "கரண்டி இன்னும் குளிச்சிட்டுத்தான் இருக்கா?" என்று ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் கேட்பார். ஒரு நாள், "ரெண்டு மாசமா மாப்பிள்ளை ஹார்ன் அடிக்கிறாரு. நீ வழி விட மாட்டேங்குறியே" என்றார். நான் வெடுக்கென்று நிமிர்ந்தேன். அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆறாவது பூச்சிலிருந்தே மரம் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பூசியதை அப்படியே துடைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். துடைத்தால் காய்ந்த மாதிரி இருந்தது. பாப்பா தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம் வந்தது. இப்போதுதான் கண்ணாடி வேறு போட்டிருக்கிறாளே. அதனால் ஒன்பதாவது பூச்சில் நான் துடைக்கவில்லை. வேண்டுமென்றேதான். ஈரம் மினுமினுத்தால்தானே இன்னும் காயவில்லை என்று சாதிக்க முடியும்? கொக்கியில் மாட்டினால் சொட்டும் என்று பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் படுக்கவைத்தேன்.

இந்தத் தப்பைச் செய்யாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குப் பத்தொன்பது வருஷமாகப் பாடம் எடுத்தவள் நான். மூன்றாம் நாள் உப்புக் கரண்டியை எடுக்கப் பார்த்தேன். கரண்டியோடு காகிதமும் வந்தது. கிழித்து எடுத்தேன். கரண்டியின் முதுகில், நாளை வானம் மேகமூட்டத்துடன் காணப்படும் என்ற வரி இடவலம் மாறிப் பதிந்திருந்தது. பெரிய அகப்பையின் குழிவில் ஒரு பூச்சியின் இறக்கை ஒட்டியிருந்தது. வெட்டுப்பலகையில் கை வைத்தால் கை வர மறுத்தது. பன்னிரண்டு நாள் உழைப்பு, பதினோரு சாமான், ஒட்டுமொத்தமாக நாசம். யாரும் பார்ப்பதற்குள் மூடிவைப்போம் என்று ஒரு துணியை எடுத்து மேலே போர்த்தினேன். புத்தி அப்படி வேலை செய்தது. சாயங்காலம் பார்த்தால் துணியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானம் வாசலில் கண்ணாடிக்காரர் நின்றார். போன் இல்லை, தகவல் இல்லை. கையில் ஓர் அட்டைப்பெட்டி.

பாப்பா சீவலோடு ஓடிப் போய் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள்.

"ரொட்டி" என்றார் அவர்.

டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவள் உள்ளே போனாள். அவர் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி, பதினொன்று, மடித்து மடித்து வைத்திருந்தார். "ஒண்ணொண்ணையும் தனித்தனியா சுத்தி எடுத்துட்டுப் போகலாம்னு. ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாதுல்ல" என்றார். காய்ந்திருக்குமா என்று தெரியாமலே வந்திருக்கிறார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம்.

அவருக்கு எங்கள் ஒப்பந்தம் தெரியாது. நான் தடுப்பதற்குள் நேராக என் மேஜைக்குப் போய்த் துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். துணியோடு அகப்பையும், அகப்பையோடு காகிதமும், காகிதத்தோடு மூன்று கரண்டியும் ஒரே குடும்பமாக மேலே வந்தன. அவர் அப்படியே நின்றார். பிறகு குனிந்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பார்ப்பதுதானே அவர் தொழில்? பூச்சியின் இறக்கையைப் பார்த்தார். கரண்டியின் முதுகில் இருந்த வானிலையை வாசித்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாப்பா டீயோடு வந்தாள். "என்ன, மேஜைக்கே போயிட்டீங்களா? காய்ஞ்சிருக்கா, இல்லையா?"

கண்ணாடிக்காரர் அவசரமாக எல்லாவற்றையும் கீழே வைத்தார். விரலை விடுவிக்கப் பார்த்தார், வரவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மறைத்த கையில் துளைக் கரண்டி தொங்கியது.

"இன்னும் ஒரு வாரம் ஆகும்போல இருக்கு. தங்கச்சி நல்லாத்தான் பார்த்துக்குறாங்க. நான் அடுத்த வாரம் வரேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எதிர்த்து வாதாடியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. இவர் எனக்காகப் பொய் சொல்கிறார், அதையும் சரியாகச் சொல்லத் தெரியாமல்.

"பாப்பா, நாலு கோட்டிங்லயே முடிஞ்சுபோச்சு. மிச்சம் அஞ்சும் பொய்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. டீத் தட்டோடு நின்றாள்.

"பலா குடிக்கல, காத்துல ஈரம் இல்ல. ஒண்ணும் இல்ல. கடைசி கோட்டிங்கை வேணும்னே துடைக்காம விட்டேன். எல்லாம் பசையாப் போச்சு."

"ஏன்?"

"நீ போயிடுவேன்னுதான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மேஜைக்கு வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் மேஜை மேல் இருந்த சாமானைத் தொட்டாள். பெரிய அகப்பையை எடுத்து, நகத்தால் பூச்சியின் இறக்கையைக் கிளப்பப் பார்த்தாள். இறக்கை பாதியாக உடைந்தது.

"பன்னெண்டு நாள் அண்ணி" என்றாள். "அவரு அங்க ரொட்டியைத் தின்னுட்டுக் கெடக்கிறாரு."

நான் வெட்டுப்பலகையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்க்க ஆரம்பித்தேன்.

"வாயைத் தெறந்து போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இருந்திருப்பியா?"

"மாட்டேன். போயிருப்பேன்." அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா நீங்க சொன்னீங்கன்னு இருந்திருக்கும்ல? எப்போ கிளம்புவ, எப்போ கிளம்புவன்னே கேட்டுட்டு இருந்தீங்க. கல்யாணத்துக்கு அந்தப் பறப்பு பறந்தீங்க. நெஜமாவே என்னை அனுப்பத்தான் பார்க்குறாங்களோன்னு எத்தனை நாள் யோசிச்சேன் தெரியுமா?"

எனக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. என் கிண்டல் கிண்டல்தான் என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தெரியாமல் இருந்திருக்கிறது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் கையில் இருந்த பசை அவள் சட்டையில் ஒட்டியது. கண்ணாடிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல், ஆறிப்போன டீயை ஒற்றைக் கையால் குடித்தார். மறுகையில் துளைக் கரண்டி இன்னும் இருந்தது.

ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தபோது நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தோம். விஷயத்தைக் கேட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னது என்னவென்று அவருக்கே தெரியாது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் விட்டுவிட்டேன். அவரும் சுரண்டுகிற தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாப்பா குழிவுகளைச் சுரண்டினாள், நாங்கள் காம்புகளைச் சுரண்டினோம். பிறகு உப்புத்தாள். மேலே நின்ற பசையெல்லாம் போய், திட்டுத் திட்டாக வெளுத்து, பதினொன்றும் மொட்டை மரமாகக் கிடந்தன. கண்ணாடிக்காரர்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தேய்த்தார். பாப்பா அதைக் கவனித்துவிட்டு எனக்குக் கண்ணால் காட்டினாள்.

பிறகு அவள் பெட்டியை இழுத்துவைத்து, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

"எங்க கட்டுற? எண்ணெய் போடாமயா?" என்றேன்.

"எண்ணெய் நீங்க அங்க வந்து போடுங்க."

"உள்ள ஏற்கெனவே ஊறிப்போய்க் கெடக்கு பாப்பா. மேல ஒரு கோட்டிங் போதும்." இரண்டு மாதத்துக்குப் பிறகு எண்ணெயைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

"ஒண்ணா? ஒண்ணு எப்படிப் போதும்?" அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "அது கடற்கரை ஊரு. காத்துல ஈரம். பலா வேற, குடிச்சுக்கிட்டே இருக்கும். நாலு கோட்டிங் வேணும். ஒரு கோட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மாசம் விடணும்."

"ஒரு மாசமா? ஒரு நாள்னுதானே..." என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

என் வீட்டுக்காரர் அவர் தோளில் கையைப் போட்டார். "மாப்ள, மரத்தோட விஷயம். நீங்க என்ன சொல்ல முடியும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, நாலு போட்டாச்சு. அப்புறம்?" என்று கேட்டேன்.

"தெனம் கழுவுனா வெளுக்காதா? மறுபடி போட வேண்டாமா?" என்றாள் பாப்பா. "நான் அழுத்தித் தேய்ச்சுக் கழுவுற ஆளு அண்ணி. எனக்குச் சீக்கிரமே வெளுத்துடும்."

அன்று சாயங்கால ரயிலிலேயே கிளம்பினார்கள். ஸ்டேஷனில் கூட்டம். கண்ணாடிக்காரர் அட்டைப்பெட்டியை மேலே வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வழியாக எனக்கு வீடு காலியாச்சு, கூட்டிப் பெருக்கினால் ஒரு மூட்டைச் சீவல் வரும் என்று எதையோ உளறிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, வண்டி கெளம்பப் போகுது. இப்பவாவது சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"என்னத்தச் சொல்ல?"

அவள் காத்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதியது.

"போகாத பாப்பா" என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து ஜன்னலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்து நான்கு வயதுப் பாப்பா தன் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேன் அண்ணி" என்றாள்.